புளோரிடா மேகம் பார்த்த சிவகரன்

எங்கள் வல்வெட்டித்துறையில் காற்றைப் பற்றிக் கேட்டால் சின்னப்பிள்ளையும் பதில் சொல்லும். சோழகம் எப்போது விழும், வாடை எப்போது பெயரும், கச்சான் அடித்தால் கடல் எந்தப் பக்கம் குழம்பும் என்பதை இங்கே யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. ஆனால் போன வருடம், காலையில் பட்டறையைத் திறந்ததும் புளோரிடாவில் மேகம் எவ்வளவு தாழ நிற்கிறது என்று போனில் பார்த்த மனிதன் இந்த ஊரில் ஒருவன்தான் இருந்தான். அவன் சிவகரன். கடலுக்கே போகாதவன்.

அவன் வள்ள எஞ்சின் திருத்துகிறவன். அவனுடைய பட்டறைக்கும் என்னுடைய வலைக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரும் பாதிக்கு மேல் தகரம். அவன் இருமினால் எனக்குக் கேட்கும். நான் வாடிக்கையாளரோடு கொழுவிச் சத்தம் போட்டால் அவனுக்குக் கேட்கும். பதினேழு வருடமாக இப்படித்தான். பிரகலாதனுக்கு, அதாவது எனக்கு, வாய் கூட என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மைதான். அதனால்தான் சிவகரனைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனை விட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிட்டு புளக்கைக் கழற்றப் போய்விடுவான்.

அவனுடைய மனைவி தர்சினி பண்டத்தரிப்புப் பிள்ளை. தோட்டம் செய்கிற குடும்பம். அவளுடைய தகப்பன் கதிரவேலர், தண்ணீர் இறைக்கிற மெஷின் ஒன்றை ஊரில் யாரும் திருத்த மாட்டாமல் இங்கே கொண்டுவந்தார். அப்போது பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்த மகளும் கூட வந்தாள். சிவகரன் மெஷினைக் கழற்றி அரை மணித்தியாலம் யோசித்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து பார்த்து, "அண்ணை, உந்தக் கொயில்தான் பிழை" என்றாள். அதுதான் பிழை. அன்றைக்குப் பின்னேரம் சுவருக்கு மேலால் தலையை நீட்டி அதை எனக்கு மூன்று தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, துறைமுகத்துப் பெடியன். இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். போய்க் கதைத்தவன் நான். கதிரவேலர் என்னை முற்றத்தில் நிறுத்தி வைத்தே கதைத்தார், ஒரு கதிரை தரவில்லை. நாலாம் தரம் போனபோது தந்தார். கலியாணம் நடந்தது. தாரிகா பிறந்தாள்.

தாரிகாவுக்கு மூன்று வயது நடக்கும்போது தர்சினிக்கு யப்பானில் ஒரு பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசில் கிடைத்தது. இரண்டு வருடப் படிப்பு. சின்னச் செய்மதி ஒன்றைப் பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து செய்து விண்வெளிக்கு அனுப்புவதுதான் படிப்பே. அவள் போகவா விடவா என்று ஒரு மாதம் முழுக்க அரைமனதோடு திரிந்தாள். சிவகரன்தான், "இரண்டு வருசம்தானே, போட்டு வாரும்" என்றான். விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்த அன்று பட்டறையில் ஒரு எஞ்சினைப் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டினான். அது ஏற்கனவே நல்ல எஞ்சின்.

எங்கள் ஊர் ஆண்கள் ஒரு காலத்தில் பாய்க்கப்பலில் ரங்கூன் வரை போனவர்கள். மாதக்கணக்கில் பெண்கள் இங்கே இருந்து பிள்ளைகளையும் காற்றையும் பார்த்துக்கொண்டார்கள். அதை ஊர் பெருமையாகச் சொல்லும். ஆனால் பெண் போய், ஆண் இருந்து காத்துக்கொண்டிருந்தால் அவனை என்ன செய்வது என்று இந்த ஊருக்குத் தெரியவில்லை. சந்தையில் நின்று இரக்கப்பட்டார்கள். "பாவம், பெண்சாதியை அனுப்பிப்போட்டு நிக்கிறான்" என்றார்கள். இன்னும் சிலர், "அவள் இனி வருவாள் எண்டு நினைக்கிறியே?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

அவன் தலை பின்னப் பழகினான். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டு றிபன் கட்ட வேண்டும். கையை எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் பிள்ளையின் தலையில் எஞ்சின் எண்ணெய் மணந்தது. அடுத்த வீட்டில் இருக்கிற அவனுடைய அக்கா பத்மாசினி, "நான் பின்னிவிடுறன், விடு தம்பி" என்றால் விடமாட்டான். "தர்சினி வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்பான். சோறு கறி மட்டும் அக்கா வீட்டிலிருந்து வரும்.

பகலில் வேலை செய்யும்போது போனைக் கதிரையில் வைத்து, தர்சினி எப்போதோ அனுப்பிய குரல் செய்திகளைப் போட்டுக் கேட்பான். காதல் கதை ஒன்றுமில்லை. 'பிள்ளைக்குப் பூச்சி மருந்து குடுத்தாச்சே', 'கிணத்து மோட்டருக்கு வயர் மாத்துங்கோ', 'இஞ்சை இண்டைக்கு நல்ல குளிர்.' தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்து நானும் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. ஒரு நாள், "ஏன்டா உதைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறாய்?" என்று கேட்டேன். "தனிய இருக்கேலாமல் கிடக்கு அண்ணை" என்றான். பகிடி விடத்தான் வாயைத் திறந்தேன். விடவில்லை.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் செய்மதி செய்து முடிந்தது. வீடியோவில் தூக்கிக் காட்டினாள். ஒரு சாண் அகலம்கூட இல்லாத பெட்டி. கடலின் நிறத்தைப் படம் எடுத்து அனுப்புமாம். கமரா ஒருவர், சூரியத் தகடு ஒருவர் என்று வேலையைப் பிரித்திருந்தார்கள். அது பூமியோடு கதைக்கிற வானொலிப் பகுதிதான் தர்சினியின் வேலை. "அப்ப அம்மாதான் அதுக்கு வாய் செய்தவ" என்று தாரிகா சொன்னாள். பிறகு ஊர் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பெட்டி நேரே விண்வெளிக்குப் போவதில்லை. மேலே சுற்றிக்கொண்டிருக்கிற விண்வெளி நிலையத்துக்குச் சாப்பாடும் உடுப்பும் சாமானும் கொண்டுபோகிற சரக்குக் கலத்தில் ஒரு மூலையில் ஏறிப் போகும். அங்கே இருக்கிறவர்கள் வசதியான ஒரு நாளில் அதை வெளியே தள்ளிவிடுவார்கள். தள்ளி அரை மணித்தியாலத்தில் அது கதைக்கத் தொடங்கும். அது கதைத்தால் தர்சினியின் படிப்பு முடிந்தது. நிரந்தரமாக வீட்டுக்கு வந்துவிடுவாள். யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வேலைக்குச் சொல்லியும் வைத்திருந்தார்கள். தையில் ஏவுவார்கள், பங்குனியில் தள்ளுவார்கள், சித்திரை வருடப்பிறப்புக்கு அவள் இங்கே நிற்பாள். சிவகரன் வீட்டுக்கு வெள்ளை அடித்தான்.

தையில் றொக்கற்றில் ஏதோ வால்வு ஒழுகியது. மாசியில் விண்வெளி நிலையத்தில் கலம் கட்ட இடமில்லை, முதல் போன கலம் இன்னும் வெளிக்கிடவில்லை என்றார்கள். அது எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கியது. துறையில் இடமில்லாமல் வள்ளத்தை வெளியே கட்டி வைத்துக்கொண்டு நின்றவர்கள்தானே. பங்குனியில், றொக்கற் ஏவுகிற புளோரிடாவில் மேகம். அதற்குப் பிறகுதான் அவன் மேகம் பார்க்கத் தொடங்கினான். "அண்ணை, இண்டைக்கு அங்கை அறுபது வீதம் நல்லம்" என்பான். மத்தியானம் நாற்பது என்பான். என் கடைக்கு நைலோன் கயிறு வாங்க வந்தவனிடமும் அதைச் சொல்வான். தர்சினிக்குப் படிப்புக் காலத்தை ஆறு மாதம் நீட்டிக் கொடுத்தார்கள். வருடப்பிறப்பு வந்தது, அவள் வரவில்லை. கைவிசேடக் காசைத் தாரிகா தகப்பனின் கையால் வாங்கினாள்.

சித்திரை கடைசியில் திரும்பவும் நாள் குறித்தார்கள். எங்கள் நேரப்படி பின்னேரம் நாலு நாற்பது. அன்றைக்கு ஊர் பட்டறைக்குள் வந்துவிட்டது. பத்மாசினி நிறைகுடம் வைத்து விளக்கும் கொளுத்தினாள். போனை எஞ்சின் தாங்கியில் கட்டி வைத்தான் சிவகரன். கடலால் வந்த நாலைந்து பேர் சறத்தை மடித்துக் கட்டியபடியே வாசலில் நின்றார்கள். மயிலிட்டிப் பக்கத்து ஆள் சந்தியோகு அன்றைக்கு எஞ்சின் எடுக்க வந்தவன், எடுத்துக்கொண்டு போகாமல் குந்திவிட்டான். நாலு முப்பத்தொன்பதுக்குப் போனில் எண்ணிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னவோ சொன்னான். சிவகரனுக்கு முகம் கறுத்தது.

"என்னவாம்?" என்றேன்.

"கடலிலை ஒரு போட் வந்திட்டுதாம்."

"என்ன போட்?"

"றொக்கற் போற பாதையிலை கடலை மூடி வைக்கிறவை. அதுக்குள்ளை ஆரோ ஒருத்தன் போட்டைக் கொண்டுபோய் விட்டிட்டான். ஏவமாட்டினமாம்."

சந்தியோகுதான் தொடங்கினான். "அங்கையும் தடை வலயமோ!" என்று சொல்லி முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தான். சண்டைக் காலத்தில் எத்தனை வருடம் எங்கள் கடலை எங்களுக்கு மூடி வைத்திருந்தார்கள்! கரையிலிருந்து இத்தனை முழம், இன்ன நேரம், இன்ன பாஸ் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே நின்ற எல்லாரும். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். "அவனுக்கு உள்ளுக்கு வலை கிடந்திருக்கும், பாவம்" என்றான் ஒருவன். "மீன் பட்டிருக்குமோ தெரியாது" என்றான் இன்னொருவன். எங்கோ முகம் தெரியாத ஒரு அமெரிக்கப் போட்டுக்காரனுக்கு எங்கள் பட்டறையில் அவ்வளவு ஆதரவு கிடைத்தது. நானும் கண்ணீர் வரச் சிரித்தேன்.

"பிறகென்ன, போட்டைக் கலைச்சுப்போட்டு விடலாம்தானே?" என்று சந்தியோகு கேட்டான்.

"ஏலாது அண்ணை. விண்வெளி நிலையம் நேரே வாற அந்த ஒரு விநாடிக்குத்தான் விடலாம். அந்த விநாடி போயிட்டுது." சிவகரன் போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். விளக்கை அணைக்க வேண்டாம் என்று பத்மாசினிக்குச் சொன்னான். பிறகு சந்தியோகுவின் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தான். நாங்கள் சிரித்தது பிழை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வைகாசியில் ஒரு நாள், யாரையும் கூப்பிடாமல் அவன் தனியே பார்த்துக்கொண்டிருந்தபோது, அது போய்விட்டது. தகரத்துக்கு மேலால் தலை நீட்டி, "அண்ணை, போட்டுது" என்றான். அவ்வளவுதான். இனி மேலே இருக்கிறவர்கள் வெளியே தள்ள வேண்டும். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஆனி வந்தது, இன்னும் தள்ளவில்லை.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னுடைய மோட்டார் சைக்கிளில் இருவரும் சன்னதிக் கோயிலுக்குப் போனோம். நான் என்னுடைய வழக்கமான முறைப்பாடுகளைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, கால் கழுவி, நிழலில் இருந்தேன். அவன் வர நேரமானது. திரும்பி வரும்போது தொண்டைமானாற்றுப் பாலத்தில் வைத்துப் பின்னால் இருந்து சொன்னான்.

"நேர்த்தி வைச்சுப்போட்டன் அண்ணை. ஆவணித் திருவிழாவுக்குப் பிரதட்டை."

"நல்லம். என்ன கேட்டனீ?"

"அவ வரவேணும் எண்டு கேட்டன்."

"வேறை?"

"வேறை என்ன? அவ்வளவுதான்."

மணலில் உருளுகிற நேர்த்தி லேசானது அல்ல. வெயில் மணலில் வீதி முழுக்க உருண்டு வந்தால் முதுகுத் தோல் கிழியும். இவனுக்கு இது தேவையா என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் நினைக்கவில்லை.

ஆடி இரண்டாம் கிழமை தள்ளிவிட்டார்கள். படமும் வந்தது, கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. அரை மணித்தியாலம் கழிந்தது. அது கதைக்கவில்லை. ஒரு நாள் கழிந்தது. யப்பானில் மட்டுமல்ல, பல நாடுகளிலும் வீட்டுக் கூரையில் கம்பி கட்டி வைத்து இதையெல்லாம் கேட்கிறவர்கள் இருக்கிறார்களாம். அவர்களும் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒரு சத்தமும் வரவில்லை. பத்து நாள், பன்னிரண்டு நாள்.

காரணத்தை எல்லாரும் ஊகித்தார்கள். பெட்டியைப் பூட்டிக் கொடுத்தால் பிறகு யாரும் தொட முடியாது, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது. நாலு மாதம் கிடக்கும் என்று கணக்குப் பார்த்துப் பூட்டியது எட்டு மாதத்துக்கு மேல் கிடந்துவிட்டது. பிழை தாமதத்தின் மேல்தான். ஆனால் வாய் செய்தவள் அதைக் கேட்பாளா?

பதினைந்தாம் நாள் மத்தியானம் தர்சினி வீடியோவில் எடுத்தாள். தாரிகா பள்ளிக்கூடத்தில். சிவகரன் என் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் முகம் அரைவாசியாகியிருந்தது.

"எல்லாரும் பற்றரி எண்டுதான் சொல்லீனம். என்ரை பக்கம் பிழை இல்லை எண்டு காட்ட என்னட்டை ஒண்டுமில்லை. அது ஒரு சொல்லுக்கூடச் சொல்லேல்லையப்பா." பிறகு அழுதாள். அழுது முடித்து, "நான் வாறன்" என்றாள். "ஆவணி கடைசிக்கு ரிக்கற் பாத்திட்டன். எங்கடை பேராசிரியர் சேர் அடுத்த செய்மதிக்கு நில்லும் எண்டு கேட்டவர், அதோடை சேத்து மேல் படிப்பும் படிக்கலாமாம், மூண்டு வருசம். நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

போனை வைத்ததும் அவனுடைய முகத்தில் வந்த சந்தோசத்தை நான் பார்த்தேன். மறைக்கப் பார்த்தான், முடியவில்லை. அவள் அழுததற்குக் கவலைப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் வாய் தன்பாட்டில் சிரித்தது. அதற்காக நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். பத்மாசினி அன்றைக்கே அரிசிமா இடித்தாள். தாரிகா பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்கு, ஏற்றி இறக்குகிற வான்காரருக்கு, வான்காரரின் மனைவிக்கு எல்லாம் அம்மா வருகிற நாளைச் சொல்லி முடித்தாள். தகப்பனின் பின்னல் சரியில்லை என்று முதல் தடவையாகக் குறையும் சொன்னாள்.

மூன்று நாள் இப்படிப் போனது. நாலாம் நாள் காலை அவன் பட்டறையைத் திறக்கவில்லை. பத்து மணிபோல என் கடைக்குள் வந்து வலைக் கட்டுகளின் மேல் இருந்தான்.

"அண்ணை, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"என்ன?"

"சன்னதியிலை அவ வரவேணும் எண்டு கேட்டனே."

"ஓம்."

"செய்மதியைப் பற்றி ஒரு சொல்லுக்கூடக் கேக்கேல்லை. அது கதைக்கவேணும், கதைச்சு அவ வரவேணும் எண்டெல்லோ கேட்டிருக்கவேணும். நான் அவவை மட்டும் கேட்டன். கேட்டதை அவர் தந்திட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. "விசரா, சன்னதியானுக்குப் பற்றரி பழுதாக்கிறதே வேலை? யப்பானிலை பூட்டி அமெரிக்காவிலை கிடந்து பழுதான சாமானுக்கு நீ வைச்ச நேர்த்தி என்ன செய்யும்? பேய்க்கதை கதையாதை." இன்னும் நிறையச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நம்பவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். சாமியிடம் என்ன சொல்லிக் கேட்டோம் என்பதை எழுத்துப் பிழை பார்க்கிறமாதிரிப் பார்ப்பார்கள். நேர்த்தி விசயத்தில் நானும் அதே சாதிதான். அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

அந்த நேரம் தர்சினி எடுத்தாள். நான் எழும்பப் போனேன், அவன் கையைப் பிடித்து இருத்தினான்.

அவள் சாமான் கட்டத் தொடங்கிவிட்டாளாம். புத்தகங்களை வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். அமைதியாகத்தான் கதைத்தாள். "கல்லூரி வேலைக்கும் வேண்டாம் எண்டு சொல்லிவிடுங்கோ. இனி நான் உதுகளைத் தொடமாட்டன். வந்து பிள்ளையைப் பாத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறன்."

அவன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு, "நீர் நில்லும்" என்றான்.

"என்ன?"

"சேரிட்டைப் போய் நிக்கிறன் எண்டு சொல்லும். அடுத்ததைச் செய்யும்."

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக இவன் அங்கலாய்த்ததைத் தகரத்துக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான். இன்னும் மூன்று வருடமா? கையைக் காட்டி வேண்டாம் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

தர்சினி, "உங்களுக்கு நான் வேண்டாமே?" என்று கேட்டாள்.

எங்கள் ஆண்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். கோபிப்பார்கள், பகிடி விடுவார்கள், போனை வைப்பார்கள். சிவகரன் சொன்னான், "வேணும். எனக்கு நீர் இல்லாமல் ஏலாமல் கிடக்கு. விடிய எழும்பினா உம்மடை யோசினை, படுத்தா உம்மடை யோசினை. ஆனா நீர் இப்பிடி வரக்கூடாது. தோத்துப்போய் வந்து வீட்டுக்குள்ளை பேசாமல் இருக்கிறன் எண்டு சொன்னா, நான் கேட்ட ஆள் அதில்லை."

அவள் அழுவது கேட்டது. அவனுடைய கை என் கையை விடவேயில்லை.

"அப்ப ஒருக்கால் வந்து பத்து நாள் நிண்டுட்டுப் போம்" என்றான். "ரிக்கற் கிடக்குத்தானே."

"இல்லையப்பா." மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் அதைச் சொன்னாள். "வந்தா நான் திரும்பிப் போகமாட்டன். தாரிகாவைக் கண்டா என்னாலை ஏலாது. எனக்கு என்னைத் தெரியும்."

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப வராதையும்" என்றான்.

அன்று பின்னேரம் தாரிகாவுக்குச் சொன்னான். பத்மாசினி பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. "அடுத்ததும் கதைக்காட்டி?" என்று கேட்டது. அவன் அவளுடைய றிபனை அவிழ்த்து மறுபடி கட்டினான். இடித்த மாவைப் பத்மாசினி பலகாரம் சுட்டு அயலுக்குக் கொடுத்தாள். நாலு நாளாக ஊர் தின்றுகொண்டே அவனைத் திட்டியது. கதிரவேலர் பண்டத்தரிப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, என்னிடம் கேட்டார், "என்ரை பிள்ளையை வரவேண்டாம் எண்டு சொன்னவனாமே?" நான் அவருக்குக் கதிரை எடுத்துப் போட்டு, முழுக்கதையும் சொன்னேன். மருமகனைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸில் போனார். அடுத்த கிழமை ஒரு சாக்கு வெங்காயம் வந்தது.

ஆவணியில் சன்னதித் திருவிழாவுக்கு நானும் போனேன். காலை எட்டு மணிக்கே மணல் சுட்டது. வீதியில் உருளுகிறவர்களுக்குள் சிவகரனைக் கண்டபோது என் கண்ணை நம்பவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டி, கையைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு உருண்டு போனான். அவனுக்கு முன்னால் தாரிகா செம்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நடந்தாள். நான் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்தேன். முதுகெல்லாம் மணலும் இரத்தமும்.

சுற்றி முடித்து மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கோபம் அப்போதும் போகவில்லை எனக்கு.

"உனக்கு மூளை இருக்கே? அவ வந்தாத்தானே நேர்த்தி. அவதான் வரேல்லை எண்டு ஆச்சே. என்னத்துக்கு உருண்டனீ?"

அவன் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். மகள் கேட்காத தூரத்தில் நிற்கிறாளா என்று பார்த்தான்.

"அவர் தந்தவர் அண்ணை" என்றான். "நான்தான் வாங்கேல்லை."

பிறகு முதுகு எரிகிறது என்றான். நான் துவாயை நனைத்துத் துடைத்துவிட்டேன்.